பற்றரி வந்தது, காயிதம் வரவில்லை

மட்டக்களப்பு வாவியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் என் பதினெட்டடி ஃபைபர் போட்டில் இருந்த 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டி மூன்று மாதமாகிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் விழுந்த எண்ணம். மோட்டார் பூட்டியது ஒரு நாள் வேலை. மற்ற அலைச்சல் எல்லாம் பற்றரியால்தான்.

மோட்டார் 48 வோல்ற், 6 கிலோவாட். அது கப்பலில் வந்து சத்தமில்லாமல் வீடு சேர்ந்தது. பற்றரி லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை, 51.2 வோல்ற் 100 அம்பியர் மணி, இரண்டு பெட்டி. லித்தியம் பற்றரி என்றால் கப்பல்காரர்களுக்கு அது ஒன்பதாம் வகுப்பு ஆபத்தான பொருள். இது எனக்கு, காசு கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.

பற்றரி வந்திறங்கியதும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், காலையில் பல் துலக்கிய கையோடு கப்பல்காரர்களின் கந்தோரில் நின்றேன். கிளார்க் விலைச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "யூஎன் முப்பத்தெட்டு தசம் மூன்று எங்கே?" என்றார். ஏதோ பஸ் நம்பர் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பற்றரியைக் குலுக்கி, சூடாக்கி, ஷோர்ட் பண்ணிப் பார்த்த சோதனை அறிக்கையாம். வெறும் கையோடு திரும்பினேன்.

விற்றவனிடம் கேட்டேன், உடனே அனுப்பினான். அச்சடித்துக்கொண்டு மறுபடி ரயில். இந்த முறை கிளார்க் பேனாவால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார்: அறிக்கையில் இருந்தது ஒரு 12 வோல்ற் பற்றரியின் மாடல் நம்பர்! அந்த வரியை நான் வீட்டிலேயே வாசித்திருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும். களஞ்சியக் கட்டணம் நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறைதான் பெட்டி கைக்கு வந்தது. காசு அனுப்ப முதல் அறிக்கையை வாங்குங்கள், பெட்டியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இரண்டு பெட்டியையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் பண்ணிவிட்டுத்தான் சமாந்தரமாக இணைத்தேன். அது சரி. கேபிளில்தான் கஞ்சத்தனம் காட்டினேன். 6 கிலோவாட் இழுக்கும்போது 120 அம்பியருக்கு மேல் ஓடும். நான் போட்டது 16 சதுர மில்லிமீற்றர். பத்து நிமிடத்தில் தொட முடியாத சூடு. 50க்கு மாற்றி, பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸும் போட்டேன்.

அப்புறம் வந்தது மானம் போன நாள். பாலமீன்மடுப் பக்கம் ஆறு பேரை ஏற்றிப் போய்த் திரும்புகிறேன், எதிரே கச்சான் காற்று. வோல்ற்மீற்றர் 52 காட்டியது. காலையிலும் கிட்டத்தட்ட அதுதான், ஆகவே நிறைய இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டினேன். கல்லடிப் பாலம் கண்ணில் தெரியும் தூரத்தில் பட்டென்று எல்லாம் அணைந்தது. இந்த வகைப் பற்றரியின் வோல்ற் கடைசி வரை பெரிதாக இறங்காது, முடியும்போது ஒரேயடியாக விழும். ஈய அமிலப் பற்றரியில் பழகிய கண்ணை இது ஏமாற்றிவிடும். பற்றரிக்குள் போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் எண்ணும் ஷண்ட் மீற்றர் இல்லாமல் வாவியில் இறங்க வேண்டாம்.

தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் கயிறு போட்டுக் கரை சேர்த்தார். "என்ன மருமகன், கரண்ட் போயிற்றா?" என்று கேட்டதை ஊர் முழுக்கச் சொல்லியும் முடித்தார்.

இப்போது மெதுவாக, 2 கிலோவாட்டுக்குள் ஓட்டினால் நாலு மணித்தியாலம் தாங்கும். முழு வேகத்தில் ஒன்றரை மணித்தியாலமே பெரிய காரியம். முகத்துவாரம் திறந்தால் உப்பு, மழைக்கு நன்னீர் என்று மாறும் தண்ணீரில் மோட்டாரை அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டி, மேலே படலம் படிந்து வேலை செய்யாமல் போனது. அலுமினியக் கட்டி போட்டிருக்கிறேன். பௌர்ணமிக்கு வாவியின் மீன் பாட்டுக் கேட்க வருபவர்கள், மோட்டாரில் சத்தம் இல்லாததால் அது ஓடும்போதே தண்ணீரில் விட்ட துடுப்பில் காது வைக்கிறார்கள்.

போன கிழமை அதே மாமா படகடியில் வந்து குந்தினார். மண்ணெண்ணெய் விலையைத் திட்டிவிட்டு, தன் மகனுக்கும் இப்படியொன்று பூட்ட என்ன வேண்டும் என்று கேட்டார். விலை சொல்ல முதல், அவருடைய தீப்பெட்டியின் பின்பக்கத்தில் 38.3 என்று எழுதிக் கொடுத்தேன்.