“எங்கயோ காத்து குடிக்குது தம்பி”

மாமாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை ஓரமாகப் பதினோரு வருடம் நின்றது. 1992 மாடல். அந்த வண்டியில்தான் மாமா விடியற்காலை பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போவார். பின் சீட்டில் கூடையைக் கட்டிய கயிறு உரசிய தடம் கேரியர் கம்பியில் இன்னும் இருக்கிறது. முட்டி தேய்ந்து கிக்கர் மிதிக்க முடியாமல் போனதும் ஸ்கூட்டருக்கு மாறிவிட்டார். விற்க மனசு வரவில்லை. போன வருடம் பொங்கலுக்குப் போயிருந்தபோது, “நீ எடுத்துட்டுப் போய் ஓட வைடா மாப்ள, துருப்புடிச்சி சாகுது” என்றார். டாடா ஏஸில் ஏற்றித் தருமபுரிக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை. 1984ல் இந்த்-சுசூகி வண்டி உருவான ஊர் அது. அதற்கு அடுத்த வருடம் எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, 11 குதிரைசக்தி, வண்டியின் எடையும் கிட்டத்தட்ட நூறு கிலோதான். 1996ல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் புது வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. எனக்கு விலை முக்கியமில்லை. சின்ன வயதில் மாமா பெட்ரோல் டேங்க் மேல் என்னை உட்கார வைத்து ஓட்டிய வண்டி இது, அதே சத்தத்தோடு அவர் முன்னால் ஓட வேண்டும் என்பதுதான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். வீட்டு முன்னால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பலகை போட்டு ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது திருப்புளி விஷயம். சைடு கவர் திருகுகளை நம் ஊர்க் கடையில் வாங்கிய ஸ்டார் திருப்புளியால் கழற்றப் போனேன். இரண்டு திருகின் தலை வழுக்கிவிட்டது. ஜப்பான் வண்டித் திருகின் பள்ளம் வேறு அளவு. தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜப்பான் ஸ்டாண்டர்டு. சாதாரண திருப்புளியின் முனை அந்தப் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் மேலே ஏறி வழுக்கிவிடும். அதற்கென்று இருக்கும் திருப்புளி ஒன்றைப் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கிவந்தேன். அப்புறம் ஒரு திருகுகூடக் கெடவில்லை. பழைய ஜப்பான் வண்டியில் கை வைக்கிற யாரும் முதல் செலவாக இதைச் செய்யுங்கள்.

டேங்கில் துரு. உள்ளே வினிகர் ஊற்றி, பழைய நட்டுகளைப் போட்டு, இரண்டு நாள் அவ்வப்போது குலுக்கினேன். சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி துரு பிடிக்காமல் இருக்க உடனே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கொஞ்சம் ஊற்றிச் சுழற்றினேன். வயர், பிரேக் ஷூ, செயின், டயர் எல்லாம் காசு கொடுத்தால் முடிகிற வேலை.

பிஸ்டன் ஏறி இறங்குகிற ப்ளாக்கைக் கழற்றிப் பார்த்ததில் அதன் உள்துளை, அதாவது போர், தேய்ந்திருந்தது. சேலத்தில் ஒரு பட்டறையில் 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போர் போட்டு, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, புது பிஸ்டன், ரிங் வாங்கினேன். டூ ஸ்ட்ரோக் ப்ளாக்கின் உள்சுவரில் பெட்ரோல் கலவையும் புகையும் போகிற வழிகள் திறந்திருக்கும். போர் போட்டபின் அந்த வாய்களின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். அதை லேசாகச் சீவி மழுக்கவில்லை என்றால் ரிங் அதில் மாட்டி உடையும். பட்டறையில் அதைச் செய்யாமலே கொடுத்துவிட்டார்கள். விரலை உள்ளே விட்டுத் தடவியபோது விரல் நுனியில் கீறல் விழுந்துதான் எனக்கே தெரிந்தது. பொடி அரத்தாலும் உப்புத்தாளாலும் நானே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மழுக்கினேன்.

மூன்றாவது மாதம் வண்டி ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது உதையிலேயே. நீலப் புகை, அந்தச் சத்தம், பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்து நின்று கேட்டது, எல்லாம் சரி. ஆனால் பத்து நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் ஸ்லோ ஸ்பீடு, அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடுகிற வேகம், தானாக ஏற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிவிட்டு மெதுவாக வரும்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டர்தான் காரணம் என்று நான் அதையே பிடித்துக்கொண்டேன். மிக்குனி விஎம் 20. கழற்றி, ஊறவைத்து, பெட்ரோல் வருகிற சின்னத் துண்டான ஸ்லோ ஜெட்டின் ஓட்டையை வெளிச்சத்தில் பார்த்து, காற்று அடித்து மாட்டினேன். காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று, ஒன்றேகால், ஒன்று என்று திருகிப் பார்த்தேன். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றிப் பெட்ரோலைக் கூட்டினேன். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரியான மாதிரி இருக்கும், அடுத்த வாரம் பழையபடி ஆகிவிடும். பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். பெட்ரோல் போதாமல், காற்று அதிகமாகி எரிகிறது என்று அர்த்தம். அது புரிந்தும் ஜெட்டையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு காரிமங்கலம் ரோட்டில் நாலாவது கியரில் போகும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று மந்தமானது. பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. உடனே கிளட்சைப் பிடித்தேன், பின் சக்கரம் லாக் ஆகாமல் தப்பித்தது. பிஸ்டன் பிடித்துவிட்டது, அதாவது சூட்டில் விரிந்து ப்ளாக்கின் சுவரோடு இறுகிவிட்டது. அரை மணி நேரம் புளியமரத்தடியில் ஆறவைத்து உதைத்தால் ஓடியது. ஆனால் வீட்டில் வந்து கழற்றினால் புது பிஸ்டனில் நீளநீளமாகக் கோடு. இரண்டு மாதச் சேமிப்பு அந்தக் கோட்டில் போய்விட்டது என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே பிடிக்கவில்லை.

நான்கு ரோடு பக்கம் முன்பு பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன் இருக்கிறார். இப்போது பார்வை மங்கிவிட்டதால் வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்கு அழைத்துவந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்டனைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். நான் ஜெட் கதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “கார்பரேட்டர இனிமே தொடாத தம்பி. அது நல்லாத்தான் இருக்குது. எங்கயோ காத்து குடிக்குது உன் எஞ்சின்” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை நேரே மேலே போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் அது முதலில் பிஸ்டனுக்குக் கீழே, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற கிராங்க் இருக்கிற அறைக்குள் போய்த்தான் மேலே வரும். பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறை உறிஞ்சும், இறங்கும்போது அழுத்தும். அறைக்கு இரண்டு பக்கமும் கிராங்க் தண்டைச் சுற்றி ரப்பர் ஆயில் சீல் உண்டு. வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். அப்புறம் எஞ்சின் உறிஞ்சும்போது பெட்ரோலும் ஆயிலும் கலக்காத வெறும் காற்று சீல் வழியாக உள்ளே வரும். சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். கார்பரேட்டரில் என்ன திருகினாலும் அந்த ஓட்டை அடையாது.

எந்தப் பக்கம் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: எஞ்சினின் எல்லா வாயையும் அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, நிற்கிறதா என்று பார்ப்பது. இதற்குச் சின்ன அழுத்தம் போதும், 5 அல்லது 6 பிஎஸ்ஐ. சைக்கிள் பம்ப் அடித்தால் சீலே பிதுங்கிவிடும். அம்மாவுக்குப் பிபி பார்க்கும் பழைய முள் மீட்டர் பீரோவில் இருந்தது. கையில் அமுக்குகிற ரப்பர் பந்து, 300 வரை காட்டுகிற முள். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. எனக்கு வேண்டியது அப்படியே கையில் இருந்தது.

கைப்பட்டையைக் கழற்றி வைத்தேன். சைலன்சர் மாட்டுகிற வாயில் சைக்கிள் ட்யூப் ரப்பரை வைத்துத் தகரத் துண்டால் அழுத்தி இறுக்கினேன். கார்பரேட்டர் உட்காரும் இடத்தில் ஓட்டை போட்ட ரப்பர் கார்க், அதில் பிபி மீட்டரின் குழாய். பிஸ்டனை அடியில் நிறுத்திப் பந்தை அமுக்கினேன். முள் 120ஐத் தாண்டவே இல்லை. கையை எடுத்ததும் சரசரவென்று இறங்கிச் சைபருக்கு வந்துவிட்டது. அத்தனை மாதம் நான் திருகிக்கொண்டிருந்த குழப்பத்துக்கான பதில் எட்டு விநாடியில் கண் முன்னால் தெரிந்தது.

அப்புறம் சோப்புத் தண்ணீர். ஹெட், ப்ளாக் அடி, மெனிஃபோல்டு என்று ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷால் தடவினேன். ஒன்றும் இல்லை. இடது பக்கம், கிராங்க் தண்டோடு சுற்றி மின்சாரம் தருகிற மேக்னட்டின் கவரைக் கழற்றி உள்ளே தடவியதும் குமிழி பொங்கியது. மேக்னட் புல்லர் போட்டுக் கழற்றி, சீலை நெம்பி எடுத்தால் அதன் உதடு பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைப்பாக இருந்தது. நகத்தால் கிராங்க் தண்டைத் தடவினேன், பழைய சீல் உரசிய இடத்தில் லேசாக ஒரு பள்ளம். அண்ணன் சொன்னபடி புதுசீலின் உதட்டில் கிரீஸ் தடவி, பழைய ஆழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக உட்கார வைத்தேன். அப்போதுதான் உதடு தேயாத இடத்தில் உரசும்.

மறுபடி அமுக்கினேன். முள் 280 போனது. ஆனால் ஒரு நிமிடத்தில் 180க்கு இறங்கியது. நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கக் கூடாது. கியர் ஆயில் ஊற்றுகிற ஓட்டையின் மூடியைத் திறந்து, வாயில் சோப்புப் படலம் தடவச் சொன்னார் அண்ணன். படலம் மெல்ல உப்பிப் பெரிய குமிழியானது. கிளட்ச் பக்கச் சீலும் போயிருக்கிறது. அங்கே கியர் ஆயிலையே உறிஞ்சி எரித்திருக்கிறது, அதனால்தான் வெளியே ஒழுகாமலே ஆயில் மட்டம் குறைந்துகொண்டிருந்தது.

இதற்கு எஞ்சினை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். தனியாகச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இரண்டு ஞாயிறு செய்தேன். எப்படியும் பிரித்தாயிற்று என்று கிராங்க் பேரிங்கையும் மாற்றினேன். சீல் இரண்டும் சேர்த்து 500 ரூபாய்க்குள்தான். போர் மறுபடி 0.50க்குப் போனது. இந்த முறை விளிம்பைச் சீவித் தரச் சொல்லிக் கூடவே நின்றேன்.

எஞ்சினைச் சேர்த்ததும் பிபி மீட்டர். 280. ஒரு நிமிடம் கழித்து 275. அண்ணனுக்கு முள் தெரியாது, நான் எண்ணை வாசித்தேன். “இப்பப் பாரு, இனிமே அது கார்பரேட்டர் சொன்னதக் கேக்கும்” என்றார்.

பிளக்கில் பொறி விழுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற பாயிண்டை வைத்த விதமும் அவர் முறைதான். ஃபீலர் கேஜில் 0.35 மில்லிமீட்டர் வாக்கில் இடைவெளி. டைமிங்குக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற மெல்லிய தாளின் ஒரு கீற்றைப் பாயிண்டுகளுக்கு நடுவே கொடுத்து, மெதுவாக இழுத்தபடி மேக்னட்டைச் சுற்ற வேண்டும். தாள் விடுபடுகிற கணத்தில் குறி குறியோடு சேர வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டே விரலில் அந்தத் தளர்வைப் பிடித்தார். எனக்கு ஆறேழு தடவை ஆனது.

கார்பரேட்டரில் நான் மாற்றியதையெல்லாம் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். எஞ்சினுக்கு ஆயிலைத் தானாகக் கொடுக்கிற ஆயில் பம்பில் காற்று போகும் வரை ஆயிலை ஓடவிட்டு, பயத்துக்கு முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயிலும் கலந்தேன். எஞ்சின் சூடானபின் ஏர் ஸ்க்ரூவை மெல்லத் திருகி, சத்தம் சீராக உயர்கிற இடத்தில் நிறுத்தி, ஸ்லோ ஸ்பீடைக் குறைத்தேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் சத்தம் கல் விழுந்த மாதிரி உடனே இறங்கியது.

ஆர்.சி. புதுப்பிக்கிற வேலையும் இருந்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், இது 2017லேயே முடிந்துவிட்டது. படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பச்சை வரி, தாமதக் கட்டணம், பிறகு வண்டியை நேரில் காட்ட வேண்டும். சேசிஸ் எண் மேல் இருக்கிற பெயிண்டை முன்கூட்டியே சுத்தம் செய்து கொண்டுபோனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி முடித்தபின் வத்தல்மலைக்கு எடுத்துப் போனேன். மாமாவும் வந்தார், பின் சீட்டில். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஏறியது. மேலே நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றினேன். மாமா வாங்கி, வெயிலில் திருப்பிப் பார்த்தார். முனை கேழ்வரகுக் களி நிறத்தில் இருந்தது. கலவை சரியாக எரிகிறது என்று அர்த்தம்.

“சரி, இறங்கறப்ப நான் ஓட்டறேன்” என்று சாவிக்குக் கையை நீட்டினார். கிக்கரை மட்டும் நான் மிதித்துக் கொடுத்தேன்.