மொத சைக்ளோகிராஸ் சீசனுக்கு ரெடி ஆகுறவங்களுக்கு

சைக்ளோகிராஸ்னா சேறு, புல், மணல்னு சின்ன சுத்துப் பாதையில ஓட்டுற சைக்கிள் ரேஸ், நடுவுல தடை வந்தா இறங்கி சைக்கிளோட ஓடிட்டு திரும்ப ஏறணும். மொத சீசன் இறங்கப்போறவங்க எல்லாரும் கேக்குறது வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டணும்னுதான். ஓரளவு ரெகுலரா சைக்கிள் ஓட்டுறவங்கன்னா கிலோமீட்டரை ஏத்துறத கொஞ்சம் தள்ளி வைங்க, இறங்கி ஏறுறதையும் வளைவையும் மொதல்ல பழகுங்க. ஒரு லேப் 2.5ல இருந்து 3.5 கிலோமீட்டர் வரைக்கும்தான் இருக்கும், அதுக்குள்ள அத்தனை வளைவு, ஒவ்வொண்ணுலயும் வேகம் செத்துப்போய் திரும்ப மிதிச்சு எடுக்கணும், வளைவுல வேகத்தை விடாம வர்றவனுக்கு அந்த மிதி மிச்சம்.

இறங்குறது எப்படின்னா, வலது காலை சீட்டுக்குப் பின்னாடி சுத்தி இடது பக்கம் கொண்டு வாங்க, இடது பெடல்ல நின்னுகிட்டே உருளுங்க, வலது கையை டாப் ட்யூப்ல (சீட்டுக்கு முன்னாடி போற மேல் பைப்) வைங்க, பேரியர் (பாதைக்கு குறுக்க நிக்கிற பலகை) கிட்ட வந்ததும் இடது கிளீட்டை (ஷூவை பெடலோட பூட்டுற துண்டு) கழட்டி ஓட ஆரம்பிச்சிடுங்க. அந்த நேரத்துல பிரேக் பிடிக்க இடது கை மட்டும்தான் இருக்கும், அதனால உங்க சைக்கிள்ல இடது லீவர் முன் வீலுக்கா பின் வீலுக்கான்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, முன் வீல்னா ரொம்ப மெதுவா தொடணும். ஏறும்போது சீட் மேல குதிக்கக் கூடாது, வலது தொடையோட உள்பக்கம் சீட்ல பட்டு வழுக்கி உக்காரணும். மொதல்ல புல்தரையில நடக்குற வேகத்துல பண்ணுங்க, சரியா வந்தப்புறம் வேகம் கூட்டுங்க. பேரியர் உயரம் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர், வீட்ல ஒரு கட்டைய அந்த உயரத்துக்கு வச்சு பழகினாலே போதும். பன்னி ஹாப் (இறங்காம சைக்கிளோடயே தாண்டிக் குதிக்கிறது) எல்லாம் அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்.

அடுத்து டயர் பிரஷர். இதைப் பத்தி எவ்வளவு பேசினாலும் தகும், பெரிய செலவில்லாம வேகம் கூடுற விஷயம் இது. யூசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) ரேஸ்ல டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருக்கக் கூடாது, அந்த ஒல்லி டயர்ல ரோட்டு பிரஷர் வச்சா சேத்துல பிடிமானமே கிடைக்காது. டியூப்லெஸ் போட்டுட்டு 30 பிஎஸ்ஐ பக்கத்துல ஆரம்பிங்க, ஒவ்வொரு லேப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா காத்த எறக்குங்க, ரிம் வேர்லயோ கல்லுலயோ இடிக்க ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு ஏத்திக்கோங்க. வெயிட் கம்மியா இருக்கவங்க இன்னும் கீழ போகலாம். பம்ப்புல இருக்க மீட்டர் இவ்வளவு கம்மி பிரஷர்ல சரியா காட்டாது, தனியா ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கோங்க. டியூப் போட்டு ஓட்டுறவங்க இவ்வளவு எறக்காதீங்க, பஞ்சர் ஆகிடும்.

ஃபிட்னஸ்னு பாத்தா வாரத்துக்கு ரெண்டு ஹார்ட் நாள் போதும். ஒரு நாள் 40 செகண்ட் முழு மூச்சா 20 செகண்ட் லேசா, இப்படி எட்டு பத்து தடவை, நடுவுல நல்லா ரெஸ்ட் விட்டு ரெண்டு மூணு செட். இன்னொரு நாள் ஸ்டார்ட் ப்ராக்டிஸ், ஒரு கால் தரையில வச்சு நின்னு, கிளிப் பண்ணி 20 செகண்ட் ஸ்பிரிண்ட், அதுலயே நிறுத்தாம நாலஞ்சு நிமிஷம் தாங்குற வேகத்துல போங்க. ரேஸ்ல மொத வளைவுக்கு முன்னாடி இடம் பிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது, பின்னாடி மாட்டினா குறுகலான பாதையில முன்னாடி இருக்கவங்க வேகம்தான் உங்க வேகம். ஓட்டப் பயிற்சிய மட்டும் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க, சைக்கிள் மட்டும் ஓட்டின கெண்டைக்கால் திடீர்னு மேட்டுல ஓடினா பிடிச்சுக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவை சின்ன மேடு ஏறி எறங்கினா போதும்.

சீசன் ஆரம்பிச்சதும் வார நடுவுல ஒரே ஒரு ஹார்ட் நாள் வைங்க, ரேஸே இன்னொண்ணு. ரேஸ் அன்னிக்கு சீக்கிரம் போய் கோர்ஸை ரெண்டு லேப் சுத்திப் பாருங்க, சரிவா இருக்க வளைவுல எந்த வழி காஞ்சிருக்கு, எங்க ஓடுறது ஓட்டுறதவிட வேகம்னு முடிவு பண்ணுங்க, அப்புறமா பிரஷரை ஃபைனல் பண்ணுங்க.