வின்ச் வாங்கப் போறீங்களா? பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீங்க

வின்ச்ங்கிறது சிக்கின வண்டியைக் கயிறு போட்டு இழுக்கும் மோட்டார் கருவி. பெட்டியில் 9500 பவுண்டுன்னு போட்டிருந்தா, அந்த இழுவை டிரம்மில் (கயிறு சுத்தும் உருளை) கயிறு முதல் அடுக்கில் இருக்கும்போது மட்டும்தான். நாலாவது அடுக்கில் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு இழுவை போயிடும். ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றை மடக்கி இழுக்க உதவும் கப்பி) போட்டா இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு, வேகம் பாதி.

கியர் வகையும் முக்கியம். பிளானட்டரி கியர் (நடுச் சக்கரத்தைச் சுத்திச் சின்னச் சக்கரங்கள் ஓடும் வகை) வேகம்தான். ஆனா பெரும்பாலும் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும். சுமையோட கயிற்றை இறக்கினா டிரம் கொதிச்சு, சிந்தெடிக் கயிற்றின் அடிச்சுற்று பளபளன்னு விறைச்சுடும். அந்தக் கயிறு இனி ஆகாது. வார்ன் கம்பெனியின் 8274 மாடல் வின்ச்சில் பிரேக் டிரம்முக்கு வெளியே. பார்க்க அசிங்கம், ஆனா இந்தத் தலைவலி இல்லை. வார்ம் கியர் (திருகு மாதிரி தண்டு பல்சக்கரத்தைச் சுத்தும் வகை) ஆமை வேகம், சுமையைத் தானே பிடிச்சுக்கும்.

மோட்டாரைவிட சாலினாய்டுதான் (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) அதிகம் காலை வாரும். முழுச் சுமையில் மோட்டார் 400 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி இறங்கினா சாலினாய்டோட கான்டாக்ட் ஒட்டிக்கும், ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிக்காது. பாசிட்டிவ் கேபிளில் கைக்கெட்டும் இடத்தில் மின்சாரத்தை முழுசா துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் கட்டாயம்.