கேட்டலோனியா, ஸ்காட்லாந்து: ஒப்பீட்டு அரசியல் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலை அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியல் தாளை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை, ஐரோப்பாவின் பிராந்திய விடுதலை இயக்கங்களும் அவற்றின் அரசியல் விளைவுகளும் பற்றிய வினாவுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். 1714 செப்டம்பர் 11 அன்று ஸ்பெயினின் கேட்டலோனியப் பகுதியின் தலைநகர் பார்சிலோனா வீழ்ந்தது, சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் கேட்டலான் மொழி ஒடுக்கப்பட்டது, பார்சிலோனா கால்பந்து மைதானத்தில் ஆட்டத்தின் 17 நிமிடம் 14 நொடியில் விடுதலை முழக்கம் எழும் என்பது வரை எல்லாம் இருந்தது. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால், பதினைந்துக்கு நான்கு. ‘விளைவுகள்’ என்ற சொல்லின் பக்கமே நான் போகவில்லை.

மறுபடி படிக்க உட்கார்ந்தபோது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: பிரிந்து போகலாமா என்று மக்களிடம் கேட்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் பாதிப் பாடம் விளங்கிவிடும்.

ஸ்காட்லாந்தில் அந்த அதிகாரம் லண்டன் நாடாளுமன்றத்திடம் இருந்தது. 2012 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்து முதல்வர் அலெக்ஸ் சால்மண்டும் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டார்கள்; அதிகாரம் தற்காலிகமாக எடின்பரோவுக்குக் கிடைத்தது. வாக்குச்சீட்டின் வாசகத்தைக் கூட விடவில்லை. ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?’ என்பது முதல் வரைவு. ‘ஏற்கிறீர்களா’ என்று கேட்டாலே ஆம் என்ற பக்கம் சாய்க்கும் என்று தேர்தல் ஆணையம் கூற, அது நீக்கப்பட்டது. இந்த ஒரு செய்தி மூன்று பத்தி விளக்கத்துக்குச் சமம். விடையில் கட்டாயம் எழுதுங்கள். 2014 செப்டம்பர் 18 அன்று 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம். தோற்ற தரப்பு முடிவை ஏற்றது. ஆனால் மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே தரப்பின் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அங்குள்ள 59 இடங்களில் 56-ஐ அள்ளியது. விளைவு என்றால் இதுதான். பிறகு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் 62 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்ததால் கோரிக்கை மீண்டும் எழுந்தது. 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதமின்றி வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஸ்பெயினில் அந்தக் கதவே இல்லை. 1978 அரசமைப்பின் 2ஆவது பிரிவு, நாட்டின் ஒற்றுமை பிரிக்க முடியாதது என்கிறது. கேட்டலோனியாவின் 2006 தன்னாட்சிச் சட்டத்தில் 14 பிரிவுகளை 2010-இல் அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து கோபம் ஏறியது. 2017 அக்டோபர் 1 அன்று கேட்டலோனிய அரசு நடத்திய விடுதலை வாக்கெடுப்பைத் தடுக்க வந்த போலீசார் வாக்குச்சாவடிகளில் தடியடி நடத்தினார்கள். இங்கே பலரும் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்: ‘90 சதவீதம் ஆதரவு’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 43 சதவீதம்தான். எதிர்ப்பாளர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுத வேண்டும். அக்டோபர் 27 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தது; அன்றே அரசமைப்பின் 155ஆவது பிரிவின்கீழ் கேட்டலோனியாவின் தன்னாட்சி நிறுத்தப்பட்டது. கேட்டலோனிய அரசின் தலைவர் பூஜ்டமோன் பெல்ஜியம் போய்விட்டார். 2019-இல் விடுதலை இயக்கத் தலைவர்கள் ஒன்பது பேருக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை.

இதோடு முடித்தால் மறுபடி பாதி மதிப்பெண்தான். சுவரில் ஒரு தாளை ஒட்டி, 350, 176 என்று எழுதி வைத்தேன். ஸ்பெயின் கீழவையின் மொத்த இடங்களும் பெரும்பான்மைக்கு வேண்டியவையும் அவை. 2018-இல் பிரதமர் ரஜாயின் அரசைக் கவிழ்த்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கேட்டலான் கட்சிகளும் வாக்களித்தன. அதில் பிரதமரான சான்செஸ், 2023-இல் 179 வாக்குகளோடு மீண்டும் பிரதமரானபோது, அதில் பூஜ்டமோன் கட்சியின் 7 வாக்குகள் இருந்தன. அதற்கு விலையாக 2024-இல் விடுதலை இயக்கத்தினருக்குப் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. எதிர்த்திசையில், 2016-இல் ஓர் இடமும் இல்லாத, பிரிவினையைக் கடுமையாக எதிர்க்கும் வலதுசாரி வாக்ஸ் கட்சி 2019 நவம்பரில் 52 இடங்களுக்கு உயர்ந்தது. பிரிவினைக் கோரிக்கை பிரிவைத் தரவில்லை. மாட்ரிட்டில் யார் ஆள்வது என்பதை மாற்றியது. என் விடையின் முதல் வரியே இதுவாக இருந்தது.

ஸ்பெயினின் இன்னொரு தன்னாட்சிப் பகுதியான பாஸ்க் பகுதிக்கு இரண்டு வரி போதும்: அவர்கள் தங்கள் வரியைத் தாங்களே வசூலிக்கிறார்கள், கேட்டலோனியாவுக்கு அந்த உரிமை இல்லை. நேரம் இருந்தால் பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியான பிளாண்டர்சைத் தொடுங்கள். பிளாண்டர்சுக்குத் தனிக் குடியரசை இலக்காக வைத்திருக்கும் கட்சியின் பார்ட் டி வீவர், 2025 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் பிரதமராகவே பதவியேற்றிருக்கிறார்.