இம்ப்ளான்டுக்கு முன்னால் ஈறு

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடி ஆடியே விழுந்துவிட்டது. இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் மாட்டும் செயற்கைப் பல், வைக்கலாம் என்று பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த ஈறு டாக்டர் உடனே வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. "பல் போனது ஈறு நோயாலம்மா. அதைச் சரி பண்ணாம ஸ்க்ரூ போட்டா, அதுவும் நிக்காது" என்றார்.

ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில், கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அம்மாவுக்குப் பல இடங்களில் 6, தொட்டதும் ரத்தம். வலியே தெரியாமல் இவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று தேடிப் படித்தேன். டைட்டானியம் எலும்போடு ஒட்டிப்போகும் என்பதை ஸ்வீடனின் டாக்டர் பிரோனமார்க் 1950களில் முயல்களில் கண்டார். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். எலும்பு பிடிப்பது பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது, சிக்கல் பிற்பாடு. சொந்தப் பல்லில் நார்கள் வேருக்குள் ஊன்றி ஈறை இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளான்டில் அவை ஊன்றுவதில்லை, பக்கத்தில் ஒட்டிப் படுத்திருக்கும், அவ்வளவுதான். அழுக்குப் படிந்து வீக்கம் உள்ளே இறங்கினால் எலும்பு பல்லில் கரைவதைவிட வேகமாகக் கரையும். இதற்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று பெயர். கடுமையான ஈறு நோய் வந்தவர்கள், பல்லைச் சுத்தமாக வைக்காதவர்கள், தொடர்ந்து செக்கப் போகாதவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாக 2017 உலக ஈறு நோய் நிபுணர் மாநாடு சொன்னது. சர்க்கரை நோய் பற்றி அப்போது முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும் என்பது உறுதியான விஷயம். அதனால் எங்கள் டாக்டர் அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை இறக்கச் சொன்னதும் நியாயமாகவே பட்டது.

வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அம்மா அதைத் தாங்கிக்கொண்டார். வெற்றிலை சீவலை விடுவதுதான் பெரும்பாடு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம், சாப்பிட்டதும் கை தானாக வெற்றிலைச் செல்லத்துக்குப் போகும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே வாய்ப்புற்றை உண்டாக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். அந்தப் பொறுமைக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுபடி அளந்து, ரத்தம் நின்றதைப் பார்த்த பிறகே இம்ப்ளான்ட் வைத்தார். எலும்பு பிடிக்கச் சில மாதங்கள் விட்டு, மேலே பல் மாட்டினார். அன்று எடுத்த எக்ஸ்ரேவையும் ஈறு அளவுகளையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் எலும்பு இறங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.