பிளட் மூனும் அர்போர்க்கும் ஒரே மேசையில்

கோவை பீளமேட்டில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆடும் சிறு குழுவில் நானும் ஒருவன். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த இந்த அட்டை ஆட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் அட்டையும் தனக்கென ஒரு விதியைச் சுமந்து வருவதால், இரண்டு அட்டைகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும் நிலை அடிக்கடி உண்டாகிறது. போட்டிகளில் கையை உயர்த்தி, விதிச் சிக்கலைத் தீர்த்துவைக்கும் ஜட்ஜை அழைத்துவிடலாம். வீட்டு மாடியில் நாங்களேதான் விதிநூலைப் பிரித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அப்படித் தீர்த்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இங்கே பகிர்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அண்ணன் ஒருவர் ‘பிளட் மூன்’ அட்டையை இறக்கியிருந்தார். மற்ற அட்டைகளை இறக்கத் தேவையான மானா என்னும் ஆற்றலைத் தருபவை லேண்டு அட்டைகள். அவற்றின் ஐந்து அடிப்படை வகைகளுள் மவுண்டன் சிவப்பு மானாவும் ஸ்வாம்ப் கறுப்பு மானாவும் தரும். அடிப்படை அல்லாத லேண்டுகள் யாவும் மவுண்டன் ஆகும் என்பதே பிளட் மூனின் வாசகம். சில சுற்றுகள் கழித்து, பொள்ளாச்சியிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ‘அர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத்’ என்ற லேண்டை வைத்தார். ஒவ்வொரு லேண்டும் தன் பிற வகைகளோடு கூடுதலாக ஸ்வாம்ப்பும் ஆகும் என்கிறது அது. அவருக்குக் கறுப்பு மானா தேவைப்பட்டது.

“அண்ணா, பிளட் மூன் முன்னாடியே வந்துருச்சுங்க, அர்போர்க் இப்பத்தானுங்க வந்துது. பின்னால வந்தது மேல உக்காருமில்லீங்களா?” என்றார் அவர். “தம்பி, அர்போர்க்கே அடிப்படை இல்லாத லேண்டு தானே? அதுவே மவுண்டனாயிட்ட பின்னால அந்த வாசகம் எங்க இருக்குது?” என்றார் அண்ணன். இரண்டுமே நியாயமாகத் தோன்றியதால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, யாரும் அட்டைகளை நகர்த்தாமல், ஒவ்வொரு படியாகப் பார்க்கத் தொடங்கினோம்.

எங்கள் முதல் வேலை எப்போதும் ஆரக்கிள் வாசகத்தை, அதாவது ஒவ்வோர் அட்டைக்கும் உள்ள அதிகாரபூர்வமான தற்போதைய வாசகத்தை, படிப்பது. பிளட் மூன் 1994-இல் ‘தி டார்க்’ தொகுப்பிலும் அர்போர்க் 2007-இல் ‘பிளேனார் கேயாஸ்’ தொகுப்பிலும் முதலில் வந்தவை. பழைய அச்சில் உள்ள சொற்கள் இன்றைய விதிமொழியோடு பொருந்தாமல் போகலாம் என்பதால், கையில் உள்ள அட்டையில் என்ன அச்சாகியிருந்தாலும் ஆரக்கிள் வாசகமே செல்லும்.

அடுத்தது லேயர்கள் எனப்படும் கணக்கீட்டு அடுக்குகள். தொடர்ந்து நிலைக்கும் விளைவுகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்பதை விதி 613 வகுக்கிறது: நகல், கட்டுப்பாடு, வாசகம், வகை, நிறம், திறன்கள், இறுதியாகத் தாக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும். இதன் பயனைப் புதிதாக வந்திருந்த ஒருவருக்கு வேறோர் உதாரணத்தால் விளக்கினோம். 2/2 உயிரி (தாக்கும் வலிமை 2, தாங்கும் வலிமை 2) ஒன்றின் மேல் முதலில் ‘ஜயன்ட் குரோத்’ போட்டு +3/+3 கொடுத்துவிட்டு, அதே சுற்றில் அதை ‘டர்ன் டு ஃபிராக்’ கொண்டு 1/1 தவளையாக்கினாலும், அது 4/4 ஆகவே நிற்கும். ஏனெனில் அடிப்படை எண்ணை நிர்ணயிக்கும் விளைவு, கூட்டும் விளைவுக்கு முன்பே கணக்கில் வருகிறது. எது முதலில் போடப்பட்டது என்பது அங்கே பொருட்டே அல்ல.

எங்கள் வழக்கிலோ இரண்டு அட்டைகளும் லேண்டின் வகையை மாற்றுவதால் இரண்டும் நான்காம் லேயரிலேயே விழுந்தன. ஒரே லேயருக்குள் டைம்ஸ்டாம்ப் வரிசை, அதாவது எது முந்தி வந்தது என்ற நேர வரிசை, என்பது பொது விதி என்பதால், இந்த இடம் வரை மாணவரின் வாதமே வலுவாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்தே 613.8 வருகிறது. ஒரு விளைவை முதலில் செலுத்தினால் மற்றொன்று இருக்குமா என்பதோ, எவற்றின் மேல் படியும் என்பதோ, அவற்றை என்ன செய்யும் என்பதோ மாறுமானால், அந்த மற்றொன்று முன்னதைச் சார்ந்தது. சார்ந்திருப்பது காத்திருந்து பின்னால்தான் செல்ல வேண்டும். டிபெண்டன்சி என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே மாணவர் எழுப்பிய மறுப்பு, அன்றைய உரையாடலின் மிகச் சிறந்த பகுதி என்பேன். திறன்களை இழப்பது ஆறாம் லேயரில் நடப்பது. அர்போர்க்கோ நான்காம் லேயரிலேயே வேலையைத் தொடங்கிவிடும். தொடங்கிய விளைவு, அதைத் தந்த திறன் பின்னர் நீங்கினாலும் தொடரும் என்று விதியே சொல்கிறதே என்றார் அவர். இதற்கான விடை லேயர் பகுதியில் இல்லை. லேண்டுகளைப் பற்றிய 305.7-இல் இருக்கிறது. ஒரு லேண்டின் வகையை அடிப்படை வகையாக நிர்ணயித்தால், அது தன் வாசகம் தரும் திறன்களையும் இழக்கிறது. இந்த இழப்பு வகை மாற்றத்தின் உடன்விளைவு. ஆகையால் அது நான்காம் லேயரிலேயே நடந்துவிடுகிறது. பிளட் மூனை முதலில் செலுத்தினால் அர்போர்க்கின் விளைவே இல்லாமல் போகிறது என்பதால், அர்போர்க் பிளட் மூனைச் சார்ந்தது. கூடுதலாக ஒரு வகையைச் சேர்த்தால் மட்டும் பழைய திறன்கள் நிலைக்கும்.

எதிர்த்திசையிலும் சோதித்தோம். அர்போர்க்கை முதலில் செலுத்தினால் பிளட் மூன் மறையாது. ஸ்வாம்ப் வகை சேர்வதால் எந்த லேண்டும் அடிப்படை லேண்டாகவும் ஆகிவிடாது. எனவே சார்பு ஒரு பக்கம் மட்டுமே. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலில் தலைமதகை அடைத்த பின் கடைமடையில் யாருக்கு முறை என்று கேட்பதில் பொருளில்லை என்று மாணவரே சொல்லித் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். அர்போர்க் தன் பெயரோடும் லெஜண்டரி என்ற தகுதியோடும் நிற்கும். ஆனால் சிவப்பு மானா மட்டுமே தரும் மவுண்டனாகத்தான் நிற்கும். அது பிளட் மூனுக்கு முன்பே வந்திருந்தாலும் முடிவு இதுவே.

பிளட் மூன் இருந்தால் டைம்ஸ்டாம்ப்பைப் பார்க்கவே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. பின்னர் ஒரு ஞாயிறன்று அதே மாணவர் ‘ட்ரையாட் ஆஃப் தி இலிசியன் குரோவ்’ அட்டையோடு வந்தார். அவர் வசமுள்ள லேண்டுகள் யாவற்றுக்கும் எல்லா அடிப்படை வகைகளையும் கூட்டும் உயிரி அது. ட்ரையாட் ஒரு லேண்டு அல்ல. பிளட் மூன் அதன் திறனைத் தொடுவதில்லை, அது படியும் லேண்டுகளையும் மாற்றுவதில்லை. சார்பு இல்லாததால் வந்த வரிசையே முடிவு செய்கிறது: ட்ரையாட் பின்னால் வந்தால் அவருக்கு ஐந்து நிறமும் கிடைக்கும், பிளட் மூன் பின்னால் வந்தால் அடிப்படை அல்லாத லேண்டுகளில் சிவப்பு மட்டுமே. ஆகவே எது முந்தி வந்தது என்பதில் ஐயம் எழாதிருக்க, மேசையில் நிலைத்து நிற்கும் இத்தகைய அட்டைகளின் பெயர்களை வந்த வரிசையில் ஒரு தாளில் குறித்துக்கொண்டே இப்போது ஆடுகிறோம்.