நொஜிமாவில் அந்தக் குழிச் சுவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

ஜப்பானின் அவாஜி தீவுக்குக் கிளம்புமுன் பேருந்து நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கோபே பக்கமிருந்து அகாஷி வரை ரயில், அங்கிருந்து படகு. கால்மணி நேரத்துக்குள் இவாயா துறைக்கு வந்துவிடலாம். அதுவரை எல்லாம் அருமை. ஆனால் நாங்கள் இறங்கியபோது பேருந்து போய்விட்டிருந்தது, அடுத்ததற்கு வெகுநேரம். வேறு வழியில்லாமல் டாக்சி பிடித்தோம். மீட்டர் ஏறிய ஏற்றத்தில் அன்றைய சாப்பாட்டுக் காசு மொத்தமும் கரைந்தது. தனியாகப் போகிறவர்களுக்கு டாக்சி சத்தியமாகக் கட்டுப்படியாகாது.

சரி, போன இடத்துக்கு வருகிறேன். 1995 ஜனவரி 17, காலை 5:46. கோபே நகரிலும் சுற்றுப்பகுதிகளிலும் 6,434 உயிர்களைக் கொண்டுபோன நிலநடுக்கத்தில், நொஜிமா பிளவு (நிலத்தடிப் பாறை உடைந்து இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடம்) இந்தத் தீவில் தரையைக் கிழித்து மேலே வந்தது. அதில் 140 மீட்டரை அப்படியே விட்டு, மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். நேராக வரும் வேலிச்செடி வரிசை, பிளவைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தொடர்கிறது. (வரும் வழியில் தெரியும் அகாஷி பாலம் அப்போது கட்டுமானத்தில் இருந்தது, தூண்களுக்கு நடுவிலான தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடிவிட்டது!)

கூட்டம் வேலியைப் படமெடுத்துவிட்டு, நிலநடுக்க அனுபவ அறைக்கு ஓடுகிறது. நான் குழி வெட்டிக் காட்டியிருக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். குழியின் சுவரில் பிளவு ஒரு கோடாகத் தெரிகிறது, கோட்டுக்கு இந்தப் பக்க மண் அடுக்கும் அந்தப் பக்க அடுக்கும் பொருந்தவே இல்லை. என்னைப் பிடித்துவைத்தது அந்தக் கோடுதான். ஆழத்தில் இரு பாறைகள் உரசும்போது நடுவே சேரும் நொறுங்கல் பொடிதான் ஒரு பிளவின் குணத்தையே பெருமளவு தீர்மானிக்கிறது.

அந்தப் பொடி ஒரே சீராக அரைபடுவதில்லை. சம அளவுள்ள இரண்டு துகள்கள் அடுத்தடுத்து மாட்டினால் ஒன்று உடைகிறது. பெரிய துகளைச் சின்னவை சூழ்ந்துகொண்டாலோ, அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவி அது தப்பிவிடுகிறது. அதனால்தான் மாவும் சில்லும் கலந்தே கிடக்கின்றன. நகர்வு தொடங்கும்போது பொடி அடுக்கு முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்கிறது. துகள்கள் உருண்டு முனை மழுங்குகின்றன. அப்புறம் சாய்வான வெட்டுகள் விழுகின்றன. கடைசியில் பாறை விளிம்பை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை மட்டும் ஏறக்குறைய மொத்த நகர்வையும் ஏற்றுக்கொள்கிறது. ஆய்வகத்தில் குவார்ட்ஸ் பொடியை வைத்துப் பார்த்தபோது, நகர்வு இப்படி ஒடுங்கிய பிறகுதான் அது திடீரென வழுக்கும் இயல்புக்கு மாறியது.

தண்ணீர் புகுந்து களிமண் கனிமங்கள் உண்டானால் கதை வேறு. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில், பார்க்ஃபீல்டுக்குப் பக்கத்தில் துளையிட்டபோது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் சாபோனைட் என்ற வழவழப்பான களிமண் கிடைத்தது. அந்தப் பகுதி அதிராமல் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. நொஜிமாவில் நேர்மாறாக, பழைய நிலநடுக்கங்களின் உராய்வுச் சூட்டில் உருகி உறைந்த மெல்லிய படலமே கிடைத்திருக்கிறது.

நொறுங்கியது நொறுங்கியபடியே கிடப்பதும் இல்லை. 1997-லும் 2000-லும் இங்கே ஆழ்துளையில் தண்ணீரைச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை நீர் ஊடுருவும் அளவு குறைந்திருந்தது. பிளவு தன்னைத் தானே அடைத்துக்கொள்கிறது! இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றால் நகரவே மனம் வராது.

செலவைச் சொல்ல மறந்தேன். நுழைவுச் சீட்டு நியாயம்தான், காசு கரைவது போக்குவரத்தில். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம். அவாஜி வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். கடைத்தெருவில் தடிமனாக வெட்டிப் பொரித்த வெங்காயம் வாங்கினோம். கடித்ததும் தித்திப்பு, காரல் துளியும் இல்லை. நான் இரண்டாவது தட்டும் வாங்கினேன். திரும்பும்போது பேருந்து நேரம் பார்த்துக் காத்திருந்தோம். டாக்சியில் போன காசில் பாதிகூட ஆகவில்லை.